ஆங்கிலச் சொற்களின் திறப்பு எமது வீட்டிலேயே இருக்கின்றது

க.பொ.த. உயர்தரத்தில் தமிழ் மொழிமூலம் படித்து நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, பல்கலைக்கழகத்தின் முதலாவது விரிவுரையில் திகைத்துப் போய் உட்கார்ந்திருப்பதை நாம் அறிவோம். மருத்துவமாகட்டும், பொறியியலாகட்டும், விஞ்ஞானமாகட்டும், விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கின்றது. பாடம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாததல்ல. சொற்கள்தான் தெரியாதவை. "எனக்கு இது சரிவராது" என்ற எண்ணம் அந்த முதல் மாதத்திலேயே மனதில் விழுந்துவிடுகின்றது. சாதாரண தரத்தில் ஏனைய பாடங்களில் திறமைச் சித்தி பெற்று ஆங்கிலத்தில் மட்டும் தவறிய பிள்ளையின் மனநிலையும் இதுதான்.

இதற்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் மருந்து சொற்பட்டியல். கடையில் விற்கும் "ஐயாயிரம் ஆங்கிலச் சொற்கள்" போன்ற ஒரு புத்தகத்தை வாங்கிக் கொடுத்து, நாளுக்கு இருபது சொல் பாடமாக்கு என்கிறோம். பிள்ளையும் பாடமாக்குகின்றது. மூன்றாம் கிழமை முதல் கிழமையின் சொற்கள் மறந்துவிடுகின்றன. இரண்டாம் மாதம் புத்தகம் அலுமாரிக்குள் போய்விடுகின்றது.

தீவகத்தில், நாரந்தனையில் இருந்து ஆங்கில ஆசிரியர் என்ற வகையில் இதை எழுதுகின்றேன். உயர்நிலை ஆங்கிலச் சொற்கள் எமது பிள்ளைகளுக்கு நாம் நினைக்கும் அளவுக்கு அந்நியமானவை அல்ல. அவற்றைத் திறக்கும் திறப்பு எமது வீட்டிலும், மத்ரஸாவிலும், தமிழ் மொழிமூலப் பாடப்புத்தகத்திலும் இருக்கின்றது. அதை எடுத்துக் கொடுப்பதுதான் நாம் செய்யாமல் இருக்கும் வேலை.

சொற்களும் கப்பலேறும்

அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்த "அலுமாரி" போர்த்துக்கேயச் சொல். நாம் இருக்கும் கதிரை, சாப்பிடும் மேசை, காலையில் வாங்கும் பாண், காலில் போடும் சப்பாத்து, எழுதும் பேனை, காற்று வரும் யன்னல், சமைக்கும் குசினி, முகம் துடைக்கும் துவாய் அனைத்தும் அவர்கள் வழியாக வந்தவை. மேசையின் லாச்சியும், அரசாங்கக் கந்தோரும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் போய்விட்டன, சொற்கள் தங்கிவிட்டன. இன்று எந்தப் பாட்டியும் "கதிரை" என்று சொல்லும்போது வேற்றுமொழி பேசுவதாக நினைப்பதில்லை.

எமது ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான "கேய்ட்ஸ்" கூடப் போர்த்துக்கேயர் சொன்ன "காயிஸ்" என்பதிலிருந்து வந்தது. கப்பல் அணையும் துறை என்பது அதன் பொருள். யானைகளைக் கப்பலேற்றிய துறை என்பதால் "யானைத் துறை" என்றே அதை அவர்கள் அழைத்தனர். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களை எமது தீவுகளுக்குச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன், காரைநகர் அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். ஆங்கிலத்தில் இன்றும் பரவலாக வழங்குவது டெல்ஃப்ட் மட்டுமே.

இவற்றுள் முஸ்லிம் வாசகர்கள் சற்று நின்று பார்க்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. அதுதான் "கடுதாசி". தமிழ்ப் பேரகராதி இதைப் போர்த்துக்கேயரின் "கர்தாஸ்" என்ற சொல்லோடு தொடர்புபடுத்துகின்றது. 16 ஆம் நூற்றாண்டில் இந்து சமுத்திரத்தில் வணிகக் கப்பல்கள் பயணிப்பதற்குப் போர்த்துக்கேயர் பணம் வாங்கிக் கொடுத்த அனுமதிச் சீட்டின் பெயரும் "கர்தாஸ்"தான். அது இல்லாத கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். அதனால் மிகவும் பாதிக்கப்பட்டவர்களில் முஸ்லிம் வணிகர்கள் முக்கியமானவர்கள். ஆனால் அந்தச் சொல்லைப் போர்த்துக்கேயர் பெற்றதோ அரபு மொழியின் "கிர்தாஸ்" என்பதிலிருந்து. அல்குர்ஆனில் ஸூரா அல்அன்ஆமின் 7 ஆம் வசனத்தில் வரும் அதே சொல். அரபுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் தொடங்கிய சொல் அரேபியாவுக்கும் போர்த்துக்கலுக்கும் போய், கடைசியில் எமது உம்மா தபாற்காரரிடம் "கடுதாசி ஏதும் வந்ததா?" என்று கேட்கும் வாசற்படியில் வந்து நின்றது.

ஆங்கிலமும் கடன் வாங்கிய மொழிதான்

இனி எதிர்த்திசையில் பார்ப்போம். ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை பிரெஞ்சு, இலத்தீன் மொழிகளிலிருந்து வந்தவை. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கியது. கல்விக்கும் மதத்துக்கும் இலத்தீன் இருந்தது. அதனால் ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. கேட்பதற்கு "ஆஸ்க்" என்பது பழைய ஆங்கிலம், "குவெஸ்சன்" பிரெஞ்சு வழி வந்தது, "இன்டெரோகேட்" இலத்தீன். தமிழில் மகிழ்ச்சி, சந்தோசம், குஷி என்று மூன்று இருப்பதைப் போலத்தான். ஒன்று எமது சொந்தச் சொல், ஒன்று வடமொழி வழி வந்தது, ஒன்று பாரசீகம். பொருள் கிட்டத்தட்ட ஒன்று, பயன்படும் இடம் வேறு.

ஆங்கிலம் அரபியிடமும் நிறையவே வாங்கியிருக்கின்றது. "ஸீரோ", "ஸைஃபர்" இரண்டும் அரபியின் ஸிஃப்ர். "அல்ஜீப்ரா" அல்ஜப்ர். "அல்கோரிதம்" என்பது 9 ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயர். களஞ்சியங்களைக் குறிக்கும் மகாஸின் என்ற சொல்லே பிரெஞ்சு வழியாக "மகஸின்" ஆகி, முதலில் பண்டகசாலையையும் பிறகு வெடிமருந்துக் கிடங்கையும் குறித்து, 18 ஆம் நூற்றாண்டில் விடயங்கள் சேர்த்து வைக்கப்பட்ட சஞ்சிகையையும் குறிக்கத் தொடங்கியது. பருவக்காற்றைக் குறிக்கும் "மொன்சூன்" அரபியின் மவ்ஸிம். கடற்படைத் தளபதியான "அட்மிரல்" என்பதற்குள் அமீர் இருக்கின்றார். கண்ணில் இடும் சுர்மாவின் அரபுப் பெயரான "அல்குஹ்ல்" வேதியியலுக்குள் போய் "அல்கஹோல்" ஆனது.

தமிழும் கொடுத்திருக்கின்றது. எமது கடற்கரைக் கட்டுமரம் "கட்டமரான்" ஆனது. சுருட்டு "ஷெரூட்" ஆனது. மிளகுத்தண்ணீர் "மலிகடோனி" என்ற பெயரில் ஆங்கிலேயரின் மேசைக்குப் போனது. நாரத்தங்காயின் "நாரம்" வடமொழி, பாரசீகம், அரபு, ஸ்பானியம், பிரெஞ்சு என்று கடந்து "ஒரேன்ஜ்" ஆனது என்று சொல்லாய்வாளர் பலர் கூறுவர். நாரந்தனைப் பிள்ளைகளுக்கு இதை நினைவில் வைப்பது சுலபம். ஊர்ப் பெயரின் ஒலியே அதில் இருக்கின்றது. "இஞ்சிவேர்" பாளி மொழியில் சிங்கிவேர ஆகி, கிரேக்கம் போய் "ஜிஞ்ஜர்" ஆனது. அதே சொல்லின் அரபு வடிவம்தான் ஸன்ஜபீல். ஸூரா அல்இன்ஸானின் 17 ஆம் வசனத்தை ஓதும்போது எமது குசினி இஞ்சியின் தூரத்து உறவை நாம் உச்சரிக்கின்றோம்.

அல்குர்ஆனில் பிறமொழி மூலம் கொண்ட சொற்கள் உண்டா என்பது குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இமாம் ஷாஃபிஈ இல்லை என்றார்கள். அப்படிப்பட்ட சொற்கள் மூலத்தில் பிறமொழியாக இருந்தாலும், அரபிகளின் நாவில் பழகி அரபுச் சொற்களாகவே ஆகிவிட்டன என்று அபூ உபைத் இணக்கம் கண்டார்கள். 1505 இல் மறைந்த இமாம் ஸுயூத்தி அச்சொற்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார்கள். வந்த சொல் எப்போது எமது சொல்லாகின்றது என்ற கேள்வியை எமது அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நிதானமாக ஆராய்ந்திருக்கின்றார்கள் என்பதே இங்கு எமக்கு முக்கியம்.

எத்தனை சொல் தேவை?

பிள்ளையைப் பயமுறுத்துவது எண்ணிக்கை. பெரிய ஆங்கில அகராதிகளில் இலட்சக்கணக்கில் சொற்கள் இருக்கின்றன. ஆனால் அத்தனையும் எவருக்கும் தேவையில்லை. 1953 இல் மைக்கல் வெஸ்ட் வெளியிட்ட அடிப்படைப் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்குடும்பங்களே இருந்தன. சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஐந்தில் நான்கு பங்குச் சொற்கள் அவற்றுக்குள் அடங்கிவிடும். பல்கலைக்கழக நூல்களுக்கென நியூசிலாந்தின் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் தொகுத்த பட்டியலில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள். கல்விசார் நூல்களில் பத்தில் ஒரு பங்குச் சொற்கள் இவையே. பத்திரிகையையும் நாவலையும் பிறர் உதவியின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று போல் நேஷன் 2006 இல் கணித்தார். அது பல வருட வாசிப்பில் சேரும் செல்வம்.

ஆகவே சாதாரண தரம் வரை முதல் 2,000, உயர்தரக் காலத்தில் அந்த 570. நாளொன்றுக்கு இரண்டு வீதம் எடுத்தால் 570 சொற்குடும்பங்களைப் பத்து மாதத்திற்குள் பார்த்து முடிக்கலாம். எல்லை தெரிந்த கடலில் வள்ளம் விடப் பயமில்லை.

மத்ரஸாவில் கற்ற வழி

இந்த 570 இல் பெரும்பாலானவை இலத்தீன், கிரேக்க வேர்களில் பிறந்தவை. இங்குதான் எமது பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் இருக்கின்றது. அரபு ஓதும் பிள்ளைக்கு வேரிலிருந்து சொல் கிளைக்கும் முறை ஏற்கனவே பழக்கம். இல்ம், ஆலிம், உலமா, முஅல்லிம், தஃலீம் எல்லாம் ஒரே வேர். கிதாப், மக்தப், காதிப் ஒரு வேர். ஸஜ்தாவும் மஸ்ஜிதும் ஒரு வேர். ஒன்றின் பொருள் தெரிந்தால் மற்றதை ஊகிக்கலாம் என்பதை ஹஸ்ரத் சொல்லிக் கொடுத்திருக்கின்றார். அதே கண்ணாடியை ஆங்கில வகுப்பிலும் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான்.

"போர்ட்" என்றால் சுமத்தல். உள்ளே சுமந்து வருவது "இம்போர்ட்", வெளியே சுமந்து போவது "எக்ஸ்போர்ட்", அங்கிருந்து இங்கு சுமப்பது "டிரான்ஸ்போர்ட்", சுமக்கக் கூடியது "போர்ட்டபிள்". "டிக்ட்" என்றால் சொல்லுதல். முன்கூட்டிச் சொன்னால் "ப்ரெடிக்ட்", எதிர்த்துச் சொன்னால் "கொன்ட்ரடிக்ட்", சொல்லச் சொல்ல எழுதினால் "டிக்டேஷன்", சொற்களைச் சேர்த்தால் "டிக்ஷனரி". "ஸ்பெக்ட்" என்றால் பார்த்தல். உள்ளே பார்ப்பவர் "இன்ஸ்பெக்டர்", பார்த்துக்கொண்டிருப்பவர் "ஸ்பெக்டேட்டர்". மூன்று வேர், பத்துச் சொல். பட்டியலில் பத்தும் பத்துப் பாரங்கள். வேரில் பிடித்தால் மூன்று கொத்துகள்.

மத்ரஸா தரும் இன்னொரு பாடம் மீட்டல். ஹிஃப்ழ் செய்யும் பிள்ளை அன்றைய புதிய பாடத்தோடு நிறுத்துவதில்லை. அண்மைய நாட்களின் பாடத்தையும், அதற்கு முந்திய ஜுஸ்உகளையும் முறைவைத்து ஒப்புவிக்கின்றது. இடைவெளி விட்டு மீட்டினால்தான் மனதில் நிற்கும் என்பதை ஜேர்மனிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885 இல் பரிசோதனை மூலம் காட்டினார். ஹாபிழ்களுக்கு அது முன்னரே தெரிந்த நடைமுறை. ஆங்கிலச் சொல்லையும் அன்று, மறுநாள், ஒரு கிழமை கழித்து, ஒரு மாதம் கழித்து என்று மீட்டினால் அலுமாரிக்குள் போகும் புத்தகத்தின் கதி அதற்கு வராது.

தமிழ்ப் பாடப்புத்தகம் தடையல்ல, ஏணி

தமிழ் மொழிமூலம் படித்ததால்தான் ஆங்கிலம் வரவில்லை என்று பல பெற்றோர் நினைக்கின்றார்கள். எமது விஞ்ஞானக் கலைச்சொற்களை ஒருமுறை உடைத்துப் பாருங்கள். ஒளித்தொகுப்பு என்பதில் ஒளிக்கு "ஃபோட்டோ", தொகுப்புக்கு "ஸிந்தஸிஸ்". நீர்ப்பகுப்பில் நீருக்கு "ஹைட்ரோ", பகுப்புக்கு "லிஸிஸ்". மின்பகுப்பு அதே முறையில் "எலெக்ட்ரோலிஸிஸ்". வெப்பமானி "தெர்மோமீற்றர்". நுணுக்குக்காட்டி "மைக்ரோஸ்கோப்". ஆங்கிலப் பிள்ளைக்குக் கிரேக்க வேர் தெரியாததால் இந்தச் சொற்கள் மூடிய பெட்டிகள். தமிழ்ப் பிள்ளைக்கோ அதன் பொருள் வெளியிலேயே எழுதியிருக்கின்றது.

இதற்குப் பின்னால் யாழ்ப்பாணத்தின் பெரும் உழைப்பு இருக்கின்றது. 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் தேடிய அந்த உழைப்பை இன்று நாம் ஆங்கிலத்துக்கு ஏறும் ஏணியாக வைக்கலாம். விஞ்ஞான ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கிழமைக்கு ஒரு பாடவேளை ஒன்றாக நின்று பத்துச் சொல்லை உடைத்துக் காட்டினால் போதும்.

கவனிக்க வேண்டியவை

வேர் வழி எப்போதும் நேர்வழி அல்ல. பயணத்தில் சொல் பொருள் மாறும். எமக்குக் "கரண்ட்" என்றால் மின்சாரம். "கரண்ட் அஃபெயர்ஸ்" என்று பத்திரிகையில் கண்டால் பிள்ளை குழம்பும். அதன் இலத்தீன் வேரின் பொருள் ஓடுதல். ஓடிக்கொண்டிருக்கும் விடயங்களே "கரண்ட் அஃபெயர்ஸ்", கைக்குக் கை ஓடுவது "கரன்ஸி". எமது பாடப்புத்தகம் மின்னோட்டம் என்று அந்த ஓட்டத்தைப் பிடித்திருப்பதையும் கவனியுங்கள். ஆகவே வேரால் ஊகிக்க வேண்டும், அகராதியால் உறுதிப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, சொல்லைத் தனியே பாடமாக்கக் கூடாது. தமிழில் பொய் சொல்கிறோம், பந்தயம் கட்டுகிறோம், சத்தியம் செய்கிறோம். மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆங்கிலத்தில் மழை "ஹெவி", தேநீர் "ஸ்ட்ரோங்". எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை வாசிப்பு மட்டுமே கற்றுத்தரும்.

மூன்றாவது, பகட்டு. "யூஸ்" போதுமான இடத்தில் "யூடிலைஸ்" போடுவதும், "பிகின்" என்பதற்குக் "கொமென்ஸ்" போடுவதும் புலமை அல்ல. பெரிய சொல்லை அறிந்திருப்பது வாசித்து விளங்குவதற்கு. எழுதும்போது பொருந்தும் சொல்லே நல்ல சொல். தமிழிலும் அப்படித்தான். "பாண்" எமது சொல்லாகிவிட்டது. ஆனால் நல்ல தமிழ்ச் சொல் நாவில் இருக்கும்போது, நான்கு சொல்லுக்கு ஒரு ஆங்கிலச் சொல்லைச் செருகிப் பேசுவது இரண்டு மொழியையும் பலவீனப்படுத்தும்.

எதையும் இழக்க வேண்டியதில்லை

ஆங்கிலம் படித்தால் மார்க்கமும் தாய்மொழியும் போய்விடும் என்ற பயம் ஒரு காலத்தில் எமது சமூகத்தைப் பின்தள்ளியது. 1882 இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை அந்தப் பயத்தோடு போராடினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரிக்காரும் அவரோடு கைகோத்ததன் விளைவே 1892 இல் மருதானையில் உருவான ஸாஹிரா. நவீன கல்வியும் ஆங்கிலமும் வேண்டும் என்று வாதாடிய அதே சித்திலெப்பைதான் 1885 இல் தமிழில் "அஸன்பே சரித்திரம்" என்ற நாவலையும் எழுதினார்.

எமது தீவிலும் ஒரு சான்று உண்டு. 1913 இல் கரம்பனில் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள் ஆங்கிலத்தில் படித்து, உரோமாபுரி சென்று, ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றார். வளர்ந்த பிறகே தமிழை முறையாகப் படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டம் பெற்றார். அந்தப் பிறமொழி அறிவுதான் பின்னர் தமிழுக்கு உதவியது. 1679 இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோவென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியின் பிரதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966 இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிவரச் செய்தவர் அவரே. போர்த்துக்கேயம் தெரியாத தமிழறிஞர் ஒருவரால் அந்த அகராதியின் அருமையை உணர்ந்திருக்க முடியாது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் எமது வேண்டுகோள் சிறியது. இந்தக் கிழமையே பிள்ளைக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். பக்கத்துக்கு ஒரு வேர், அதில் பிறந்த சொற்கள், ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருள், பிள்ளை தானே எழுதிய ஒரு வசனம். நாளுக்கு இரண்டு சொல் போதும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பழையதை ஒப்புவிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத உம்மாவாலும் இதைச் செய்ய முடியும். தமிழ்ப் பொருளைப் பார்த்துக்கொண்டு பிள்ளையைச் சொல்லச் சொன்னால் போதுமானது.

ரியூசனுக்குக் காசு கட்ட முடியாத குடும்பங்கள் எமது ஊர்களில் நிறைய இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தவறுவதால் ஒரு சித்தி மாத்திரம் குறைவதில்லை. பல்கலைக்கழக வாசல் வரை வந்த ஒருவர் அங்கே துணிவை இழக்கின்றார். மத்ரஸாவில் கற்ற முறையும் தமிழில் கற்ற பாடமும் தமக்கு உதவும் என்று அவர்களுக்கு இப்போதே தெரிய வேண்டும். அதைச் சொல்லிக் கொடுப்பது எம் எல்லோரதும் கடமை.